கோல்ஃப் என்ற பெயர் எப்படி வந்தது? ஃபார்வர்டில் வரும் சொற்கதையை நீங்களே சரிபார்க்கும் வழி

"ஜென்டில்மென் ஒன்லி, லேடீஸ் ஃபர்பிடன். இந்த நாலு சொல்லின் முதலெழுத்தைச் சேர்த்தால் கோல்ஃப்." குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு சித்தப்பா இதை அனுப்பியிருப்பார், கீழே நாலு பேர் கைதட்டல் போட்டிருப்பார்கள். கேட்டதுமே இது கட்டுக்கதை என்று பலருக்குத் தோன்றும், ஆனால் "சரி, அப்படியென்றால் எங்கிருந்துதான் வந்தது?" என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. அந்தப் பதிலை நீங்களே தோண்டி எடுப்பது எப்படி என்று இங்கே சொல்கிறேன். மொழியியல் பட்டம் வேண்டாம், காசு கொடுத்து வாங்கும் அகராதி வேண்டாம், ஒரு கைப்பேசியும் ஓய்வாக ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் போதும். இந்த முறையைப் பழகுவதற்குக் கோல்ஃபைவிட நல்ல சொல் கிடைக்காது, ஏனென்றால் முதலெழுத்துக் கதை, பக்கத்து நாட்டுக் கதை, எல்லாமே தமிழிலிருந்து போனதுதான் என்கிற கதை, மூன்றும் இதற்கு உண்டு.

முதலில் சொல்லின் பொருளைப் பற்றி யோசிக்காதீர்கள். பெரும்பாலோர் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், அங்கேதான் கற்பனை புகுந்துவிடுகிறது. நீங்கள் தேட வேண்டியது ஒரு ஆண்டு. இந்தச் சொல் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடம் எது, அது எந்த ஆண்டு?

கோல்ஃபுக்கு வழக்கமாகக் காட்டப்படும் மிகப் பழைய ஸ்காட்லாந்துச் சான்று 1457. இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்து நாடாளுமன்றச் சட்டம் அது. ஃபுட்பாலையும் கோல்ஃபையும் அடியோடு நிறுத்துங்கள், யாரும் ஆடக்கூடாது, அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் வில்வித்தை பழகுங்கள் என்கிறது. இங்கிலாந்தோடு எந்த நேரமும் சண்டை வரலாம் என்ற நிலையில் பையன்கள் பந்தை அடித்துக்கொண்டு திரிவது அரசுக்குப் பிடிக்கவில்லை. தடை 1471-இல் மறுபடி வந்தது, 1491-இல் மறுபடியும் வந்தது. மூன்று முறை தடை போட வேண்டியிருந்தது என்றாலே யாரும் கேட்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம். 1491-இல் தடை போட்ட நான்காம் ஜேம்ஸே 1502-இல் பெர்த் நகரத்து வில் செய்பவரிடம் காசு கொடுத்து மட்டைகள் வாங்கியது அரண்மனைக் கணக்கில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தை நீங்களே பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் பழைய நாடாளுமன்றப் பதிவேடுகள் முழுவதையும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, பழைய ஸ்காட்ஸ் மொழி மூலமும் பக்கத்திலேயே இன்றைய ஆங்கிலமும் இருக்கும். அப்புறம் ஸ்காட்ஸ் மொழி அகராதிகள் என்ற தளம் ஒன்று உண்டு, அதுவும் இலவசம். அங்கே சொல்லை அடித்தால் எந்த நூற்றாண்டில் யார் எப்படி எழுதினார்கள் என்று மேற்கோள்களோடு வரும். இந்த இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வேலை பாதி முடிந்தது.

ஆண்டு தேடும்போது ஒரு சின்னக் குழப்பம் வரும். சில இடங்களில் 1457 என்றும் சில இடங்களில் 1458 என்றும் இருக்கும். யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று ஒன்றை ஒதுக்கிவிடாதீர்கள். அந்தச் சட்டத்தின் தேதி மார்ச் 6. அன்றைய ஸ்காட்லாந்தில் புத்தாண்டு மார்ச் 25-ஆம் தேதிதான் பிறக்கும், 1600-இல்தான் ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். அதனால் அவர்கள் கணக்கில் 1457, நம் கணக்கில் 1458. ஒரே நாள், இரண்டு நாட்காட்டி. பழைய ஆவணங்களில் ஓராண்டு இடிக்கும்போதெல்லாம் முதலில் இந்தப் பக்கம் பாருங்கள்.

சரி, ஆண்டு கையில் வந்துவிட்டது. இப்போது சித்தப்பாவின் கதையை அதன் பக்கத்தில் வையுங்கள். முதலெழுத்துகளைக் கோத்து அதை ஒரே சொல்லாகப் படிக்கிற வழக்கம் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுச் சமாசாரம். ராணுவமும் அரசுத் துறைகளும் விஞ்ஞானிகளும் பெருக்கியது அது; ரேடார், லேசர் எல்லாம் அப்படி வந்தவைதான். இப்படிப்பட்ட சொற்களைக் குறிக்க ஆங்கிலத்தில் அக்ரோனிம் என்று ஒரு பெயரே 1940-களில்தான் பரவியது. 15-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் ஒரு விளையாட்டுக்கு இந்த முறையில் பெயர் வைத்தார்கள் என்பது நடக்கிற காரியமில்லை. ஒரு பழைய சொல்லுக்கு முதலெழுத்துக் கதை சொன்னால், கதையைக் கேட்டு முடிக்கும் முன்பே சந்தேகப்படலாம். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு சேர்ந்து நியூஸ் ஆனது என்பதும் இதே ரகம்; அது புதியவை என்ற பொருளில் நியூ என்பதிலிருந்து வந்த சாதாரணப் பன்மை.

அடுத்து எழுத்துக்கூட்டலைப் பாருங்கள், இது இன்னும் நல்ல ஆயுதம். முதலெழுத்துகளால் ஆன சொல் என்றால் அந்த எழுத்துகள் மாறக்கூடாது இல்லையா? ஆனால் பழைய ஸ்காட்லாந்து ஆவணங்களில் இந்தச் சொல்லை ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். கோஃப் என்று ஒருவர், கௌஃப் என்று ஒருவர், எஃப் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு ஒருவர். பல எழுத்துக்கூட்டல்களில் எல் என்ற எழுத்தே கிடையாது, ஏனென்றால் ஸ்காட்டுகள் பேச்சில் அதை உச்சரிப்பதில்லை. இங்கிலாந்திலும் 20-ஆம் நூற்றாண்டு வரை கொஞ்சம் பெரிய வீட்டு ஆட்கள் கோஃப் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல் இல்லையென்றால் லேடீஸ் இல்லை. பெண்களைத் தடுப்பதற்கென்றே வைத்த பெயரில் பெண்களையே காணோம்!

ஆனால் இந்தக் கதை ஏன் இத்தனை பேருக்கு உண்மை மாதிரித் தெரிகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குழுவில் உங்கள் பதில் எடுபடாது. கோல்ஃப் கிளப்புகள் பெண்களை வெளியே நிறுத்தியது நிஜம். செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்க்க வாக்களித்தது 2014-இல்தான். மியூர்ஃபீல்டு கிளப் 2016-இல் அதே வாக்கெடுப்பை நடத்தி, தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்று, உலகப் புகழ்பெற்ற ஓப்பன் போட்டி இனி உங்கள் மைதானத்தில் கிடையாது என்று கைவிரிக்கப்பட்ட பிறகு 2017-இல் மறுபடி வாக்கெடுத்து வழிக்கு வந்தது. இப்படி ஒரு வரலாறு இருக்கும்போது ஜென்டில்மென் ஒன்லி என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்?

அதற்காகப் பெண்கள் ஆடவேயில்லை என்றும் ஆகிவிடாது. ஸ்காட்லாந்து அரசி மேரி, தன் கணவர் டார்ன்லி 1567-இல் கொல்லப்பட்ட சில நாட்களுக்குள் ஸீட்டன் என்ற இடத்தில் கோல்ஃப் ஆடினார் என்று அவருடைய எதிரிகள் குற்றம் சாட்டினார்கள். ஆடினாரா இல்லையா என்பது வேறு வழக்கு. குற்றச்சாட்டைக் கவனியுங்கள்: பெண் ஆடலாமா என்று யாரும் கேட்கவில்லை, துக்க நாளில் ஆடலாமா என்றுதான் கேட்டார்கள். பெயரே தடை என்றால் எதிரிகள் அதை விட்டிருப்பார்களா? எனக்கு இதைவிடப் பிடித்தது மஸ்ஸல்பரோ ஊர் மீன்காரப் பெண்களின் போட்டி. அந்த ஊர் கோல்ஃப் கிளப் 1810 டிசம்பரில் கூடி, வரும் புத்தாண்டு நாளில் நன்றாக ஆடும் பெண்ணுக்கு ஒரு புது மீன்கூடையும் ஒரு சால்வையும் பரிசு என்று தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்களுக்கென்றே தனி கிளப் 1867-இல் வந்துவிட்டது. ஆக, கிளப் கதவு சாத்தியிருந்தது, விளையாட்டின் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழுவில் எழுதும்போது இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள், "பெண்களை ஒதுக்கியதை மறைக்கிறாயா?" என்று யாரும் பாயமாட்டார்கள்.

ஒரு கதையைத் தள்ளியாகிவிட்டது. இனி உண்மையான பிறப்பிடம். இதற்குச் செய்ய வேண்டியது, பக்கத்து மொழிகளில் இந்தச் சொல்லின் உறவுக்காரர்களைத் தேடுவது. பக்கத்து என்றால் வரைபடத்தில் பக்கம் என்பதைவிட, அந்தக் காலத்தில் கப்பல் எங்கே போய் வந்தது என்று பாருங்கள். ஸ்காட்லாந்தின் கம்பளி அன்றைக்குப் போனது இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து பகுதிகளுக்கு. ப்ரூஜஸ் நகரத்தில் அவர்களுக்கு வணிகத் தளம் இருந்தது, பிற்பாடு வேரே என்ற துறைமுகத்தில் இருந்தது. தடை போட்ட இரண்டாம் ஜேம்ஸ் 1449-இல் மணந்த மேரியும் அந்தப் பக்கத்து கெல்டர்லாந்துப் பெண்தான். ஆகவே சொற்கள் வந்துபோக வழி இருந்தது.

அங்கே டச்சு மொழியில் கொல்ஃப் என்று ஒரு சொல் உண்டு, தடி, அடிக்கும் மட்டை என்று பொருள். ஜெர்மனில் கோல்பன், ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியில் கோல்ஃப்ர், எல்லாம் ஒரே குடும்பம். தடி, மழுங்கிய அம்பு, மணியின் நாக்கு என்று உருண்டையான முனையுள்ள நீளப் பொருள்களையே இவை குறிக்கும். டச்சுக்காரர்கள் தடியால் பந்தை அடித்து ஒரு கம்பத்தையோ கதவையோ குறிவைத்து ஆடியிருக்கிறார்கள், குளிர்காலத்தில் உறைந்த கால்வாய்களின் மேலும் ஆடியிருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹெண்ட்ரிக் ஆவர்காம்ப் வரைந்த பனிக்காட்சிகளைத் தேடிப் பாருங்கள், கூட்டத்தில் எங்கோ ஒருவர் மட்டையோடு குனிந்து நிற்பார். 1360-இலேயே பிரஸ்ஸல்ஸ் நகரம் தடியால் பந்தடித்துத் தெருவில் ஆடுகிறவர்களுக்கு அபராதம் விதித்திருக்கிறது, கட்ட முடியாவிட்டால் மேலங்கியைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லி. ஆடும் கருவியின் பெயரே ஆட்டத்தின் பெயராவது எங்கும் நடப்பது, நம் பம்பரமும் அப்படித்தானே. ஆகவே டச்சு கொல்ஃப் ஸ்காட்லாந்து போய் கோல்ஃப் ஆனது என்பதைத்தான் பெரும்பாலான அகராதிகள் முன்வைக்கின்றன.

முன்வைக்கின்றன என்று நான் எழுதியதைக் கவனித்தீர்களா? முடிந்த வழக்கு என்று அவை சொல்லவில்லை. அகராதிப் பதிவைப் படிக்கும்போது நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு, "இருக்கலாம்", "ஒருவேளை", "தோற்றம் தெளிவில்லை" போன்ற சொற்களைத் தாண்டிப் போய்விடுவது. சொல்லாய்வில் அந்தச் சொற்கள்தான் சரக்கு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பழைய பதிப்பு, தோற்றம் தெளிவில்லை என்று ஆரம்பித்து டச்சுக் கருத்துக்கு இரண்டு முக்கியமான ஆட்சேபம் எழுப்புகிறது.

முதல் ஆட்சேபத்தைத் தமிழில் எழுதிக் காட்டுவதே கஷ்டம், ஏனென்றால் நம் எழுத்து அதை விழுங்கிவிடும். டச்சுச் சொல்லின் முதல் ஒலி கண்ணன் என்பதில் வரும் க. ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி தங்கம் என்பதில் வரும் க. நாம் இரண்டுக்கும் ஒரே எழுத்தைப் போடுகிறோம், அதனால் வித்தியாசமே இல்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் ஸ்காட்லாந்து ஆவணங்களில் எத்தனையோ விதமாக எழுதிய ஆட்களில் ஒருவர்கூடக் கண்ணன் க-வில் ஆரம்பித்து எழுதவில்லை. கடன் வாங்கிய சொல் என்றால் ஆரம்ப காலத்திலாவது பழைய ஒலியோடு ஓரிரு இடத்தில் தலைகாட்டியிருக்க வேண்டாமா என்பதுதான் கேள்வி, நியாயமான கேள்வி. பிற மொழிச் சொற்களின் வரலாற்றைத் தமிழ் எழுத்தில் மட்டும் வைத்து ஆராயாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். மூல எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆட்சேபம், ஸ்காட்லாந்துச் சான்று டச்சுச் சான்றைவிடப் பழையது என்பது. இது இன்று பலமிழந்துவிட்டது, ஏனென்றால் மேலே சொன்ன 1360 பிரஸ்ஸல்ஸ் ஆணை போன்ற பழைய நகர ஆவணங்களும் இப்போது கணக்கில் வந்துவிட்டன. அகராதிப் பதிவும் ஏதோ ஒரு ஆண்டில் யாரோ எழுதியதுதான், அது எப்போது எழுதப்பட்டது என்றும் பாருங்கள்.

இதற்கு நடுவில் ஸ்காட்ஸ் மொழியிலேயே கௌஃப் என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது, ஓங்கி ஒன்று வைப்பது, அறைவது என்ற பொருளில். அதிலிருந்து வந்திருக்கலாம் என்றும் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் ஆட்டத்திலிருந்து அடி வந்ததா, அடியிலிருந்து ஆட்டம் வந்ததா? அந்த வினைச்சொல்லின் சான்றுகள் ஆட்டத்தின் சான்றுகளைவிடப் பிந்தியவை என்பதால் திசை மாறியிருக்கவும் வாய்ப்பு அதிகம். என் கணக்கில் டச்சு வழிக்கே கை மேலோங்கி இருக்கிறது, க ஒலிச் சிக்கல் மட்டும் பாக்கி.

இனி நம் வீட்டுக் கதை. "கோல் என்றால் தடி. கோல்ஃப் என்றாலும் தடியால் ஆடுவது. அப்புறம் என்ன, தமிழ்ச்சொல்தானே?" இதை எதிர்கொள்ளும்போது கிண்டல் செய்யாதீர்கள், கேள்வி நல்ல கேள்விதான், அதே முறையில் சோதியுங்கள். கோல் தமிழில் மிகப் பழைய சொல் என்பதில் சந்தேகமில்லை, செங்கோன்மை என்று குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆனால் போன வழி எது? வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கியது 1498. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் தளம் அமைத்தது 1610 வாக்கில். பிரஸ்ஸல்ஸ் ஆணை 1360, ஸ்காட்லாந்துச் சட்டம் 1457. கப்பல் வருவதற்கு முன்பே சொல் போய்விட்டது என்றால் கணக்கு உதைக்கிறது. உண்மையாகவே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் ஐரோப்பியர் இங்கே வந்த பிறகு அவர்கள் எழுதிய பயணக் குறிப்புகளிலும் கடிதங்களிலும் தென்படுகின்றன. அதற்கு முன் எதுவும் போகவேயில்லை என்றும் சொல்ல வரவில்லை. இஞ்சி போயிருக்கிறது, ஆனால் அது சரக்கோடு போனது, பாலி, சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் என்று நின்ற ஊரிலெல்லாம் தடயம் விட்டுவிட்டுப் போனது. ஒரு தடிக்குப் பெயர் வேண்டும் என்று ஐரோப்பியர் கடல் கடந்து வந்திருக்கத் தேவையில்லை.

ஒலியிலும் இடிக்கிறது. டச்சுச் சொல்லில் இருப்பது குறில் ஒகரம், நம்முடையது நெடில். கடைசியில் உள்ள ஃப் ஒட்டிக்கொண்ட வால் அல்ல, வேரிலேயே உள்ளது. அதனால்தான் ஜெர்மனில் அதே இடத்தில் ப் நிற்கிறது. கோல் என்பதில் அந்த மூன்றாவது மெய்யே இல்லை. இன்னொன்று, ஒலி ஒத்திருந்தால் போதும் என்றால் கோலிக்குண்டும் வரிசையில் வந்து நிற்கும், அதுவும் உருண்டை, அதையும் குழியில்தானே தள்ளுகிறோம்! தமிழ்ப் பக்கம் சரிபார்க்க, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், பர்ரோ, எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கின்றன. கோல் என்று அடித்தால் மலையாளம், கன்னடம், தெலுங்கு உறவுகள் வரும். அவர்கள்தான் அதன் சொந்தக்காரர்கள்.

இந்த வேலையில் கலந்துவிடக்கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் எங்கே பிறந்தது என்பது வேறு, பெயர் எங்கே பிறந்தது என்பது வேறு. சீனாவில் சூய்வான் என்று தடியால் பந்தடித்துக் குழியில் போடும் ஆட்டம் இருந்தது, அதன் விதிகளை எழுதிய நூல் 1282-ஐச் சேர்ந்தது. அதைக் காட்டி கோல்ஃபே சீனாவுடையது என்பார்கள். இருக்கட்டும், ஆனால் அதன் பெயர் சூய்வான். பெயரைப் பற்றிய விவாதத்தில் அதற்கு இடமில்லை. ரோமானியர்களின் பாகானிகா என்ற ஆட்டத்தை இழுத்துவந்தாலும் இதே பதில்தான்.

முறை கைவந்துவிட்டதா என்று பார்க்க அடுத்த ஃபார்வர்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு புட்டி விஸ்கியில் 18 சின்ன கிளாஸ் ஊற்றலாம், குழிக்கு ஒன்றாகக் குடித்தார்கள், அதனால்தான் கோல்ஃபில் 18 குழி. முதலில் ஆண்டு. 18 என்ற எண் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1764-இல் வந்தது. அதற்கு முன் அங்கே ஒரு சுற்று 22 குழி, போகும்போது 11, திரும்பும்போது 11, பெரும்பாலும் அதே குழிகள்தான். முதல் நாலு குழியை இரண்டாக்கினார்கள், போகையில் இரண்டும் வருகையில் இரண்டும் குறைந்து 18 மிஞ்சியது. அப்புறம் பக்கத்து ஊர்களைப் பாருங்கள். லீத்தில் 1744-இல் 13 விதிகளை எழுதி வைத்துப் போட்டி நடத்தியபோது அந்த மைதானத்தில் இருந்தது ஐந்தே குழி. 1860-இல் முதல் ஓப்பன் போட்டி நடந்த ப்ரெஸ்ட்விக்கில் 12 குழி, அதை மூன்று சுற்று ஆடி 36 ஆக்கினார்கள். லீத்காரர்கள் ஐந்து கிளாஸோடு நிறுத்திக்கொண்டார்களா என்று அனுப்பியவரிடமே கேட்டுவிடலாம்.